ஜப்பான்காரன்ட வாளியும் கல்முனைக்குடிச் சூரையும்

மருமகன், கத்தாருல இருந்து வந்து நீ கார் எடுத்தது நல்ல விசயம். மாஷா அல்லாஹ். உன்ட உம்மா தெரு முழுக்கச் சொல்லித் திரியிறா. ஒரே ஆளுக்கு ரெண்டு தரம் சொன்னதாகவும் கேள்வி. நானும் என்ட கடப்படியில கதிரயப் போட்டுக்கிட்டு நீ போறதயும் வாறதயும் பாத்துக்கிட்டுத்தான் இரிக்கன். ஒண்டுதான் வெளங்கல்ல. சித்திர வெயில் மண்டயப் பொளக்குது, வானத்துல ஒரு பொட்டு மேகம் இல்ல, நீ ஒழுங்கயில இருந்து மெயின் ரோட்டுக்கு ஏறக்குள்ள வைப்பர் ரெண்டும் எழும்பி ஆடுது. சாய்ந்தமருதுப் பக்கம் திரும்பினாலும் வைப்பர். மருதமுனப் பக்கம் திரும்பினாலும் வைப்பர். பின்னால வாற ஓட்டோக்காரனுக்கு நீ எங்க போறாய் எண்டு எப்படி வெளங்கும்? அவன் சிக்னல் போட்டாலும் நம்புற ஆள் இல்ல, அது வேற கத.

கோவிக்காத. உன்ட கை இன்னும் தோஹாவுல நிக்கிது. அங்க ஸ்டியரிங் இடப்பக்கம், சிக்னல் கம்பியும் இடப்பக்கம். உன்ட இந்தச் சுசுகி வேகன் ஆர் ஜப்பான்ல ஜப்பான் ஆளுகளுக்கெண்டு செஞ்ச வண்டி. அங்கயும் இடப்பக்க ஓட்டம், ஸ்டியரிங் வலப்பக்கம். இடக்கை கியருக்குப் போயிரும். சும்மா கிடக்கிற வலக்கைக்குச் சிக்னலக் குடுத்திரிக்கானுகள். ஐரோப்பாக்காரன் அப்படி இல்ல. ஸ்டியரிங்க எந்தப் பக்கம் மாத்தினாலும் சிக்னல் கம்பிய இடப்பக்கத்துலயே வெச்சிருவான். பென்ஸும் பெஜோவும் ஓட்டிப் பழகினவன் டொயோட்டாவுல ஏறினா மொத நாள் முழுக்கக் கண்ணாடி தொடைப்பான். அதனால நீ பெரிய ஆளுகள்ட வரிசையிலதான் நிக்கிறாய், வெக்கப்பட ஒண்டும் இல்ல.

இந்த வண்டியில நமக்குக் கோணலாத் தெரியிற ஒவ்வொண்டும் அங்க யாருக்கோ இருந்த ஒரு தொல்லைக்கி வெச்ச மருந்து. யாருட தொல்ல எண்டு தெரிஞ்சா வண்டி வெளங்கும். தெரியாம ஓட்டினா நீ சாரதி இல்ல, சும்மா முன் சீட்டுப் பயணி. ஸ்டியரிங் மட்டும் உன்ட கையில.

முன்னால இடப்பக்கச் சீட்டு இரிக்கில்லா, அதுட குசன முன்பக்கமாத் தூக்கிப் பாத்தியா? பாத்திரிக்க மாட்டாய். கீழ ஒரு வாளி இரிக்கி. கைபிடியோட. வெளியில எடுத்துக் கழுவலாம். வேகன் ஆர்ல நான் கண்ட விசயங்கள்ல எனக்கு ஆகப் பிடிச்சது அதுதான். ஜப்பான்காரன் அதுக்குள்ள மாத்துச் சப்பாத்தும் கார் தொடைக்கிற துணியும் போடுவான். நம்மட ஒரு ஆள், பேர் வேணாம், வெள்ளாப்புல கடக்கரைக்குப் போய், தோணி அணைஞ்ச கையோட சூரை ரெண்டு வாங்கி அந்த வாளிக்குள்ள போட்டிரிக்கார். சூரை முழுசா அடங்குமா? வால் வெளியில. குசன் மூடல்ல. மூடாத குசனுக்கு மேல மாமிய இருத்தி மூட வெச்சி ஊட்டுக்குக் கூட்டி வந்தார். மாமிக்குக் கடைசி வரைக்கும் விசயம் தெரியாது. சீட்டு குளிரா இரிக்கி, நல்ல ஏசி எண்டு சொன்னாவாம்.

பின் கதவத் தொறந்தா ஓரத்துல ஒரு பொந்து. அது கொட வைக்க. நனஞ்ச கொடயில இருந்து வடியிற தண்ணி கதவுக்குள்ளாலயே வெளியில போயிரும். கொடைக்கெண்டு கதவுல எடம் விட்டு, அந்தத் தண்ணிக்கி வழியும் விட்ட மனிசன் எப்படிப்பட்ட ஆளா இரிப்பான் எண்டு யோசிச்சிப் பாரு. கட்டாயம் அவனுக்கு ஒரு பொஞ்சாதி இருந்திரிப்பா, சீட்டு நனஞ்சதுக்கு ஏச்சு வாங்கியிரிப்பான். நமக்கு மழ மாரியில மட்டும்தான். மத்த மாசமெல்லாம் அந்தப் பொந்து சும்மா. என்ட பொல்லு அதுக்குள்ள போகுமா எண்டு நேத்து நீ தொழப் போன நேரம் வெச்சிப் பாத்தன். போகுது.

ஒசரத்தப் பத்தியும் சொல்றன். உன்ட காரப் பாத்து ‘தீப்பெட்டி’ எண்டு பொடியனுகள் பகிடி பண்ணினா இதச் சொல்லு. ஜப்பான்ல சின்னக் கார் எண்டு ஒரு சாதி இரிக்கி, மஞ்சள் நம்பர் தகடு. அதுக்குச் சட்டம் அளவு வெச்சிரிக்கி: நீளம் 3.4 மீற்றர், அகலம் 1.48 மீற்றர், இஞ்சின் 660 சிசி. அதுக்கு மேல ஒரு நூலும் போக ஏலா. நீட்டுக்கும் ஏலா, அகலத்துக்கும் ஏலா. ஒசரத்துக்கு மட்டும் 2 மீற்றர் வரைக்கும் விட்டிரிக்கானுகள். சுசுகிக்காரன் 1993ல அந்த ஒசரத்தப் பிடிச்சிக்கிட்டான். ஊட்டுக்குப் பக்கத்துல காணி இல்லாதவன் மேல் மாடி கட்டுறது கல்முனைக்குடிக்காரனுக்குச் சொல்லித் தரணுமா? அதே கணக்குத்தான். தொப்பியோட ஏறி, தொப்பியோட இறங்கலாம். முழங்கால் வருத்தக்காரன் குனிஞ்சி விழுந்து ஏறத் தேவல்ல, அப்படியே பக்கவாட்டுல குந்தினாக் காணும். அதையும் பாத்தன்.

அந்த நாட்டுல இன்னொரு சட்டம் இரிக்கி, 1962ல இருந்து. கார் வாங்கப் போறவன் மொதல்ல அத நிப்பாட்டி வைக்க எடம் இரிக்கெண்டு பொலிசுல காட்டி அத்தாட்சி எடுக்கணும். ராவு ராவா ரோட்டுல நிப்பாட்ட ஏலா. சின்னக் காருக்கு ஊர்ப்புறங்கள்ல அந்தக் கெடுபிடி இல்ல. அதனாலயும்தான் அது அங்க வித்துத் தீந்திச்சி. இந்தச் சட்டம் நம்மட ஊருக்கு வந்தா எப்படி இரிக்கும்? மதிலுக்கு மதில் முட்டி நிக்கிற ஊடு, ரெண்டு ஆள் எதிர எதிர வந்தா ஒருத்தன் கடப்புக்குள்ள ஒதுங்கி நிக்கிற ஒழுங்க. நீயும் உன்ட கார ராவுல எங்க விடுறாய் எண்டு எனக்குத் தெரியாதா? என்ட மதிலோட ஒட்டித்தானே. நான் ஒண்டும் சொல்லல்ல. நினைவுல இரிக்கட்டும் எண்டு சொல்றன்.

நம்மட நாட்டுல இது பெருகினதுக்குக் காரணம் வேற. இஞ்ச வரி இஞ்சின்ட சிசிய வெச்சி. இஞ்சின் சின்னனெண்டா வரியும் சின்னன். பொறகு 2020 மார்ச்சில, டொலர் இல்லையெண்டு வாகன எறக்குமதியையே அரசாங்கம் நிப்பாட்டிச்சி. தனியார் வாகனம் மறுகா வரத் தொடங்கினது 2025 பெப்ரவரியிலதான். அந்த அஞ்சு வருசத்துக்குள்ள பழைய கார் வயசு ஏற ஏற வெலயும் ஏறின அதிசயம் நடந்திச்சி. ஓடித் தேஞ்ச காரத் தான் வாங்கினதை விடக் கூடக் காசுக்கு வித்தவன் இரிக்கான். வாங்கினவனும் சிரிச்சிக்கிட்டுத்தான் போனான்.

கார ஸ்டார்ட் பண்ணின கையோட ஒரு பொம்புள கதைக்கிறாவே, அவ என்ன சொல்றா தெரியுமா? ‘ஈடிசி கார்டு போடல்ல’ எண்டு சொல்றா. ஜப்பான்ல 2001ல இருந்து அதிவேக ரோட்டுக் காச வண்டியில சொருகின கார்டுலயே கழிக்கிற வழக்கம். கார்டு இல்லாமப் போனா கேற்று தொறக்காது, முட்டிக்கிட்டு நிப்பாய். அதுக்குத்தான் அந்த எச்சரிப்பு. இஞ்ச கார்டும் இல்ல, கேற்றும் இல்ல, கிட்ட ஒரு அதிவேக ரோடும் இல்ல. கல்முன பஸாருக்குள்ள வந்தும் அவ விடாமச் சொல்லிக்கிட்டு இரிக்கா. நம்மட ஒரு பெத்தா அது பயண துஆ எண்டு நினைச்சி, ஏறின நேரமெல்லாம் ஆமீன் சொல்லிக்கிட்டு வந்தாவாம். பேரன் விசயத்தச் சொன்னான். ‘பரவால்ல மனே, அவ சொன்னது எதுவா இருந்தாலும் நான் கேட்டது அல்லாஹ்ட்டதானே’ எண்டுட்டா.

ரேடியோட கதயும் இப்படித்தான். ஜப்பான்ல எப்.எம் 76ல தொடங்கி 90ல முடியிற செட்டுத்தான் கனகாலம் இருந்திச்சி, பொறகு 95 வரைக்கும் நீட்டினானுகள். நமக்கு 88ல இருந்து 108 வரைக்கும். அங்கத்தப் பழைய செட்டோட வந்த காருல நம்மட வானத்துல ஒரு விரக்கட அகலம்தான் பிடிபடும். பிறை எப்.எம் கேக்க ஆசப்பட்டா கடையில ஒரு சின்னப் பெட்டி வாங்கி ஏரியல் வயருக்கு நடுவுல பூட்டணும், பேண்ட் எக்ஸ்பாண்டர் எண்டு சொல்லுவாங்க. அது வானத்து நம்பரக் கீழ எறக்கிக் குடுக்கும். அதனால செட்டுல தெரியிற நம்பர் ஒண்டு, அறிவிப்பாளர் சொல்ற நம்பர் ஒண்டு. பொய் சொல்றது யாரெண்டு சண்ட புடிச்ச ரெண்டு பேர எனக்குத் தெரியும்.

பகிடியா எடுக்கக் கூடாத ஒண்டும் அதுக்குள்ள இரிக்கி. இடப்பக்கச் சீட்டுல இருக்கிறவர்ட கால்மாட்டுல, செவப்பா ஒரு குழல், மேல ஜப்பான் எழுத்து. அது தீக்குழல். ரயில் கடவையிலயோ அதிவேக ரோட்டுலயோ வண்டி நிண்டு போனா மூடிய உருவி உரசினாக் காணும். அஞ்சு நிமிசத்துக்குச் செக்கச் செவேலெண்டு எரியும், தூரத்துல வாறவன் கண்டு நிப்பாட்டுவான். எந்தக் காரா இருந்தாலும் அப்படி ஒண்ட வெச்சிரிக்கணும் எண்டு அந்த நாட்டுச் சட்டம். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பொறகு நம்மட ரோட்டுல சோதின போட்ட நேரம், ஒரு வண்டிக்குள்ள குனிஞ்சி பாத்த சிப்பாய்ட கண்ணுல இது பட்டிரிக்கி. செவப்புக் குழல், விளங்காத எழுத்து, ஓட்டினவன் தாடிக்காரன். அவனுக்கே அது என்னெண்டு தெரியாது, அவன் என்னத்தச் சொல்லுவான்? ‘ஜப்பான், ஜப்பான்’ எண்டு மட்டும் சொன்னானாம். நல்ல காலம், அந்தச் சிப்பாய்ட மச்சான்டயும் வேகன் ஆர் இருந்திச்சாம். எனக்குச் சொன்னவன் கொஞ்சம் கூட்டிச் சொல்ற ஆள்தான். ஆனாலும் நீ இண்டைக்கே குனிஞ்சி பாரு. நாலு வருசம் பிந்தின குழல நம்பவும் ஏலா, சின்னப் புள்ளைகள்ட கையில அம்பிடவும் விடக் கூடாது.

இப்ப நீ கேப்பாய், மாமா பெரிய வாய் கதைக்கிறாரே, அவர் என்னத்த ஓட்டினாரெண்டு. மொரிஸ் மைனர், மனே. ஹயர் கார். கல்முனையில ஆள ஏத்தினா மட்டக்களப்பு, இல்லாட்டி பொத்துவில். அதுல வாளியும் இல்ல, கொடப் பொந்தும் இல்ல, கதைக்கிற பொம்புளயும் இல்ல. பின் சீட்டுல இருந்தவங்கதான் கதைச்சாங்க.

அந்தக் கார வரைஞ்ச ஆள் அலெக் இசிகோனிஸ். 1906ல ஸ்மிர்னாவுல, இப்ப துருக்கியில இஸ்மிர் எண்டு சொல்ற ஊருல பொறந்தவர். பொறகு 1959ல மினியையும் அவர்தான் குடுத்தார். மைனர் 1948ல வெளியில வந்திச்சி. வாறதுக்குக் கொஞ்சம் முந்தி, எல்லா வேலையும் முடிஞ்ச பொறகு, அவர் கார ஒரு தரம் நிண்டு பாத்தார். என்னமோ ஒடுக்கமாத் தெரிஞ்சிச்சி. மாதிரிக்குச் செஞ்ச கார நடுவால நெடுகப் பொளக்கச் சொல்லி, ரெண்டு பாதியையும் மெல்ல மெல்ல வெலக்க வெச்சி, கண்ணுக்குப் புடிச்ச எடத்துல ‘நிப்பாட்டு’ எண்டார். 4 இஞ்சி. அந்த 4 இஞ்சிதான் பொனட் நடுவுல முன்னுக்கும் பின்னுக்கும் ஓடுற தட்டப் பட்டி. எந்த மைனரையும் போய்ப் பாரு, இரிக்கும். பஃபர் அதுக்கு முந்தியே அடிச்சி அடுக்கிட்டானுகள். அத எறிய மனமில்லாம நடுவால வெட்டி, எடையில ஒரு துண்டு வெச்சி மூட்டினானுகள். ஆரம்பத்துல வந்த வண்டிகள்ல அந்த ஒட்டு அப்படியே தெரியும். பொறகு 16 இலட்சத்துக்கு மேல வித்திச்சி அந்த ஒட்டுக் கார்.

எனக்கு இந்தச் சரித்திரம் ஒரு வெள்ளக்காரன் விட்டுட்டுப் போன புத்தகத்தப் படிச்ச மாஸ்டர் ஒருவர் சொல்லித் தெரியும். ஊருல மத்தவங்களுக்குத் தெரியாது. அதனால ஆரும் பழைய மைனர் விக்க வந்தா நான் மொதல்ல பஃபருக்கு முன்னால குந்துவன். விரலால தடவுவன். ‘அடிபட்ட வண்டி போல, வெட்டி ஒட்டியிரிக்கி’ எண்டு தலய ஆட்டுவன். விக்கிறவன் மொகம் வாடும். ‘பொனட்டையும் நடுவுல ஒட்டிக்கிட்டுத்தான் ஓடியிரிக்காங்க’ எண்டு இன்னும் ஒரு தரம் ஆட்டுவன். வெல எறங்கும். பாவமா எண்டு கேக்காத, அது பழைய காலம். வித்தவங்கள் எல்லாம் இப்ப என்ன விட வசதியா இரிக்காங்க.

என்ட மைனர்ல சிக்னலுக்கு லைட் அடிக்காது. கதவுக்கு நடுத் தூண்ல இருந்து ஒரு கை வெளியில வரும், உள்ளுக்கு மஞ்சள் லைட். உப்புக் காத்துல அந்தக் கை துருப்புடிச்சி, பொத்தான அமத்தினா வராது. உள்ள இருந்து தூண்ல முட்டியால ஒரு குத்து விடணும். வந்தா உள்ள போகாது, அதுக்கு வேற குத்து. காரதீவுச் சந்தியில நான் விட்ட குத்துல பின்னால இருந்த ஹாஜியார் முழிச்சி, பள்ளி வந்திட்டா எண்டு கேட்டார். ஹெட்லைட்ட மங்க வைக்கிற சுவிச்சு கையில இல்ல, தரையில. இடக்காலால மிதிக்கணும். கிளட்சும் அந்தக் காலாலதான். எதிர லொறி வரக்குள்ள கியர் மாத்திக்கிட்டே லைட்டையும் மங்க வைக்கணுமெண்டா மூணாங்கால் தேடணும். ஆனா ஒண்டு: அந்தக் கை வெளியில நீட்டினா எல்லாருக்கும் தெரியும், இவன் திரும்பப் போறான். இப்ப உன்ட காருல அத்தன லைட் இரிக்கி. ஒண்டையும் ஆரும் ஒரே மொழியில வாசிக்கிறதில்ல.

லைட்ட ஒரு தரம் அடிக்கிறது எடுத்துக்கோ. ஜப்பான்ல, இங்கிலாந்துல எதிர நிக்கிறவன் ஹெட்லைட்ட ஒரு வெட்டு வெட்டினா ‘நீ போ, நான் நிக்கிறன்’ எண்டு அர்த்தம். நம்மட ரோட்டுல அதே வெட்டுக்கு ‘நான் நிக்க மாட்டன், நீ நில்லு’ எண்டு அர்த்தம். தோஹாவுல பின்னால லேண்ட் க்ரூசர்ல வந்து லைட் அடிக்கிறவன்ட அர்த்தம் உனக்கே தெரியும். எடம் விட்டவனுக்கு ஜப்பான்காரன் நாலு மூலை லைட்டையும் ரெண்டு தரம் மினுக்கி நன்றி சொல்லுவான். நீ இஞ்ச அப்படி மினுக்கினா பின்னால வாறவன் டயர் பஞ்சர் எண்டு நினைச்சி இறங்கி வருவான். லொறி வலப்பக்கச் சிக்னலப் போட்டா ‘முந்தாத’ எண்டும் இரிக்கலாம், ‘நான் வலப்பக்கம் திரும்பப் போறன்’ எண்டும் இரிக்கலாம், போன கெழம போட்டத நிப்பாட்ட மறந்தும் இரிக்கலாம். இதுக்கு நான் சொல்ற வைத்தியம் ஒண்டுதான்: லைட்டப் பாக்காத, முன்சில்லப் பாரு. சில்லு திரும்பினாத்தான் வண்டி திரும்பும்.

உன்ட கண்ணாடிக்கு மேல ஒட்டியிரிக்கிற கமெரா இருக்கே, அதப் பத்தியும் நீ பெருமையாச் சொன்னாய். முன்னால ஆள் வந்தா கத்தும், தேவையெண்டா தானா பிரேக் புடிக்கும், கோட்டத் தாண்டினாலும் கத்தும். சரி. முன்னால நிண்ட வண்டி போயிட்டு, நீ யோசிச்சிக்கிட்டு நிண்டா அதுக்கும் ஒரு ‘பீப்’ அடிக்குமாமே. அந்த ஊருல பின்னால நிக்கிறவன் ஹோன் அடிக்கிறது மரியாத இல்ல, அதனால கார்தான் நினைவூட்டணும். நமக்கு அந்த வேலைக்கி ஆள் பஞ்சம் இல்ல. முன்னால போறவன் பிரேக்குல இருந்து கால எடுக்கிறதுக்கு முந்தியே பின்னால அஞ்சு பேர் ஹோன் அடிச்சிருவானுகள்.

கடக்கரப் பள்ளிக் கொடியேத்து நேரம் அந்தக் கமெராவ எடுத்துக்கிட்டுப் போய்ப் பாரு. ஐஸ்கிரீம் வண்டி, பலூன்காரன், பாதைக்குக் குறுக்கால நாலு புள்ளய இழுத்துக்கிட்டுப் போற உம்மா, பின்னோக்கி நடக்கிற பொடியன். உன்ட கார் மூச்சு விடாமக் கத்தும். ரெண்டு நாளையில நீ பொத்தான அமத்தி அத மூடி வைப்பாய். அது தெரிஞ்சுதான் சொல்றன், எங்க மூடினாலும் ராவுல மூடாத. ஒலுவில் களியோடப் பாலத்துக்கு அங்காலயும் இஞ்சாலயும் வயலுக்கு நடுவால போற ரோட்டுல, தார்ச் சூட்டுக்கு வந்து படுக்கிற கட்டாக்காலி மாடுகள் இரிக்கி. அதுலயும் கறுப்பு மாடு. அந்தக் கமெராவுக்கு மனிசனையும் வாகனத்தையும் அடையாளம் காணத்தான் பழக்கியிரிக்கானுகள். மாடு அந்தப் பாடத்துல இல்ல. வேளாண்மக் காலத்துல பின்னால லைட்டே இல்லாம நெல்லு மூட்ட ஏத்தின லேண்ட்மாஸ்டர் ட்ரெக்டரும் வரும். மூட்டைக்கு மேல ஒருத்தன் படுத்திருந்து டோர்ச் அடிப்பான், அதுதான் அதுக்கு டெயில் லைட். அவனும் நித்திர போனா அதுவும் இல்ல. ஊருக்குள்ள 50, வெளியில 70 எண்டு சட்டம் சொல்லுது. அந்த வயல் ரோட்டுல ராவையில என்ட சட்டம் அதுக்கும் கீழ.

மாரி தொடங்கினா சவளக்கடைக்குப் போற கிட்டங்கித் தாம்போதிய மறந்திரு. தாம்போதிக்கு மேல தண்ணி பாயக்குள்ள லேண்ட்மாஸ்டர் போகும், பஸ்ஸும் சில நேரம் போகும். அதப் பாத்து நீ வெளிக்கிடாத. உன்ட காருக்கு மூக்கு எங்க இரிக்கெண்டு பொனட்டத் தொறந்து பாரு. காத்த உள்ள எடுக்கிற குழாய்ட வாய் முன்னுக்கு, லைட்டுக்குக் கிட்டத்தான் பெரும்பாலும் இரிக்கும். அதுக்குள்ள தண்ணி போனா இஞ்சின் காத்த நசுக்கிறதுக்குப் பதிலா தண்ணிய நசுக்கப் பாக்கும். தண்ணி நசுங்காது. நசுங்கிறது உள்ள இரிக்கிற கம்பி. கராஜ் பாஸ் இஞ்சினக் கழட்டி, வளைஞ்ச கம்பிய உன்ட கையில வெச்சிட்டு, ஒரு வெலயும் சொல்லுவார். அந்த வெலயக் கேட்டா சவளக்கடைக்குச் சுத்திப் போறது எவ்வளவு லேசெண்டு வெளங்கும்.

உன்ட மச்சான் அக்வா வெச்சிரிக்கான், அவனுக்கும் ஒண்டு சொல்லி வை. பின் சீட்டுக்குக் கிட்ட ஒரு காத்துப் பொந்து இரிக்கி. அது சும்மா அழகுக்கு இல்ல. ஹைபிரிட் பட்டரி அதாலதான் மூச்சு எடுக்கிது. நம்மட கடக்கர மணலும், அபாயாட ஓரமும், மருதமுனச் சாரன் பார்சலும் அத அடைச்சா பட்டரி சூடேறும். லட்சக் கணக்குல போகும். தூசி அரிப்ப எடுத்துத் தட்டுறதுக்கு அஞ்சு காசு செலவில்ல. இதச் சொன்னா அவன் சிரிப்பான். சிரிக்கட்டும். உப்புக் காத்துக்கு அடிப்பக்கத்த நல்ல தண்ணியால அடிச்சிக் கழுவு எண்டு சொன்னப்பவும் சிரிச்சான். போன வண்டிட அடித்தட்டு ஊடாக ரோட்டப் பாத்துக்கிட்டுத்தான் போனான்.

இனி பெற்றோல் செட். 2022ல வரிசையில நிண்ட நாள நீ காணல்ல, கத்தாருல நிம்மதியா இருந்தாய். ஜூலையில கியூஆர் வந்திச்சி: கெழமைக்குக் காருக்கு 20 லீட்டர், ஓட்டோவுக்கு 5, மோட்டர் சைக்கிளுக்கு 4. அதுக்கு முந்தி ஒரு நாள், ராவிருந்து பாய் விரிச்சிப் படுத்துக் காத்திருந்த ஒரு ஆள், விடியப் பம்புக்கு முன்னால வந்து நிப்பாட்டினார். வாங்கிக் கொஞ்ச நாள் ஆன கார். மூடி மத்தப் பக்கம். குழாய் எட்டல்ல. திருப்பிக்கிட்டு வாறன் எண்டார். பின்னால நிண்ட ஊரே ‘திருப்பு, திருப்பிக் கடைசிக்குப் போ’ எண்டு சத்தம் போட்டிச்சி. நானும் போட்டன்.

பெற்றோல் முள்ளுக்குப் பக்கத்துல குட்டியா ஒரு அம்புக்குறி இரிக்கி, கண்டியா? அது காட்டுற பக்கத்துலதான் மூடி. போர்ட் கம்பனியில வேல செஞ்ச ஜிம் மொய்லன் எண்ட ஆள் 1986ல கம்பனிட காரொண்ட எடுத்துக்கிட்டு எண்ண அடிக்கப் போனார். நல்ல மழ. மூடி மத்தப் பக்கம், நனஞ்சி போனார். ஈர உடுப்போட வந்திருந்து ஒரு கடுதாசி எழுதினார், இப்படி ஒரு குறி வெச்சா என்ன எண்டு. 1989ல இருந்து கம்பனிட காருகள்ல வந்திச்சி, பொறகு உலகம் முழுக்க. பெரிய பட்டம் வாங்கின ஆளுகளுக்கு அவ்வளவு காலமும் தோணாத விசயம். டாடா நானோ 2009ல வந்தப்ப அதுல எந்தப் பக்கம் எண்ட பேச்சே இல்ல: மூடி முன் பொனட்டுக்குள்ள. இஞ்சின் பின்னுக்கு. வைப்பர் ஒண்டே ஒண்டு. பின்னால டிக்கிக் கதவு தொறக்காது, சீட்ட மடிச்சித்தான் சாமான் போடணும். நானோ வந்து நிண்டா செட்டுப் பொடியன் கார ஒரு சுத்துச் சுத்திப் பாத்திட்டு, ‘அண்ணே, இது எண்ண குடிக்கிற வண்டிதானா?’ எண்டு கேப்பான்.

காணும். அசறுக்குப் பாங்கு சொல்லப் போறாங்க. நீ போ. நாளைக்கு சுபஹ் முடிஞ்ச கையோட கார வெளியில எடு, கடக்கரைக்குப் போவம், கீரி பட்டிரிக்கெண்டு சொல்றாங்க. கீரி சின்ன மீன், வால் வெளியில நிக்காது. வியாழக்கிழம எனக்கு ஆஸ்பத்திரிக் கிளினிக். வெள்ளி ஜும்ஆவுக்குப் பொறகு அக்கரப்பத்துல ஒரு வலீமா, மாமிக்கும் சொல்லிட்டன், அவ முன் சீட்டுல இரிப்பா. ஒனக்குப் பெற்றோல் அடிக்கக் காசு இருக்குமே? எந்தப் பக்கம் நிப்பாட்டணுமெண்டு நான் பக்கத்துல இருந்து சொல்லித் தாறன்.